குழியைத் தோண்டியது யார்?

தை, மாசி மாதத்து இரவுகளில் சோழமண்டலக் கரையில் ஒரு தாய் ஆமை கடலைவிட்டு ஏறி வருகிறது. நம் மீனவ மக்கள் பங்குனி ஆமை என்றும், அறிவியலார் ஆலிவ் ரிட்லி என்றும் அழைக்கும் இனம் அது. அலை எட்டாத மேட்டு மணலைத் தேர்ந்து, பின்கால்களால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடம் போன்றதொரு குழியைத் தோண்டி, நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. பின்பு மணலைத் தள்ளி மூடி, தன் உடலையே திமிசுக்கட்டையாக்கி இப்புறமும் அப்புறமும் அடித்துச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் போகிறது. ஒரு மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். தான் ஈன்ற குஞ்சுகளை அது ஒருநாளும் காண்பதில்லை. அடுத்த 45 முதல் 60 நாள்கள் வரை அவற்றைக் காக்கும் பொறுப்பு மணலுக்கும் வெயிலுக்கும் உரியது.

அதே இரவில் அதே மணலில் ஒரு நாயும் வருகிறது. முகர்கிறது, தோண்டுகிறது. விடியற்காலையில் நடக்க வருவோர் காண்பது ஒரு பள்ளத்தையும், அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் வெள்ளைத் தோல்களையுமே.

இங்கே குற்றவாளி யார் என்பதே நம் கேள்வி. மனிதர் மனிதரைக் காக்கவே நேரம் போதாத உலகில், ஆமை முட்டைக்கும் நாய்க்கும் இடையே வழக்குத் தீர்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆனால் பொறுப்பு என்றால் என்ன, அது எங்கே தொடங்குகிறது என்பதை எளிய வழக்குகளில்தான் தெளிவாகக் காண முடிகிறது. பெரிய வழக்குகளில் நம் சினமும் சார்பும் கண்ணை மறைத்துவிடுகின்றன.

நாயைக் குற்றவாளி என்பது பொருந்தாது. அறிவும் விருப்பும் கூடாத இடத்தில் பாவம் இல்லை என்பதை நம் சிறுவர்களும் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருப்பர். பிரான்சு நாட்டின் ஃபலேஸ் நகரில் 1386ஆம் ஆண்டில், ஒரு குழந்தையைக் கொன்ற பெண்பன்றியின் மேல் முறைப்படி வழக்கு நடத்தி, பொதுமக்கள் முன்னிலையில் அதைக் கொன்றார்கள். இன்று அதைப் படிக்கும்போது நமக்கு நகைப்பும் வருகிறது; சற்றே நடுக்கமும் வருகிறது. பன்றிக்குத் தண்டனை கொடுத்தவர்கள், பன்றியைத் தெருவில் திரியவிட்டவரைப் பற்றி எண்ணினார்களா?

அவர்களுக்கு மிக முற்பட்ட காலத்திலேயே இதை எண்ணிய சட்டம் ஒன்று உண்டு. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய விதி வருகிறது. மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால், அந்த மாடு கொல்லப்படும். அதன் உரிமையாளர்மேல் பழி இல்லை. ஆனால் அம்மாடு முன்னரே முட்டும் வழக்கமுடையதாயிருந்து, அது உரிமையாளருக்கு அறிவிக்கப்பட்டும் அவர் அதைக் கட்டிவைக்கவில்லை என்றால், பழி அவர்மேலும் விழுகிறது. இரு வழக்குகளிலும் மாடு ஒன்றே, கொம்பு ஒன்றே, இறப்பும் ஒன்றே. வேறுபடுவது மனிதரின் அறிவு மட்டுமே. அறிந்தும் கட்டாமல் விட்ட அந்த நொடியில் விலங்கின் செயல் மனிதரின் செயலாகிவிடுகிறது. பொறுப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல்களை நாம் அதிகம் கண்டதில்லை.

இந்தப் பழைய நெறியை இன்று ஏறக்குறைய முழுமையாகக் கடற்கரைக்குப் பொருத்திப் பார்த்த நாடுகளுள் நியூசிலாந்து ஒன்று. அதற்குத் தனிக் காரணம் உண்டு. வௌவால்களைத் தவிரத் தரைவாழ் பாலூட்டி எதுவும் இயல்பாக இல்லாதிருந்த நிலம் அது. ஆகவே அங்குள்ள பறவைகள் பலவும் தரையிலேயே கூடு கட்டின. சில பறக்கவும் மறந்தன. நாலுகால் வேட்டை விலங்குக்கு அஞ்ச வேண்டும் என்பதை அவற்றுக்கு எவரும் கற்பிக்கவில்லை. மாவோரி மக்களோடு முதல் நாய் வந்தது. பின்னர் ஐரோப்பியரோடு பல இன நாய்கள் வந்தன. 1987ஆம் ஆண்டில், அந்நாட்டின் வடபகுதியில் உள்ள வைட்டாங்கிக் காட்டில் கிவிப் பறவைகள் ஒவ்வொன்றாக இறந்து கிடக்கக் கண்டார்கள். ஆய்வுக்காக வானொலிக் கருவி பொருத்தப்பட்டிருந்த 24 பறவைகளுள் 13 மாண்டன. அக்காட்டில் வாழ்ந்த சுமார் 900 கிவிகளில் 500 வரை அழிந்திருக்கலாம் எனக் கணக்கிட்டார்கள். செய்தது ஒரு நாய். ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை.

அது கொடிய நாயாக இருந்திருக்க வேண்டியதில்லை. கிவிக்கு மற்றப் பறவைகளைப் போல வலிய மார்பெலும்பு கிடையாது. நாய் விளையாட்டாகக் கவ்வினாலே அதன் நெஞ்சு நொறுங்கிவிடும். தீய எண்ணம் இல்லாமலேயே பேரழிவு நேரக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1996ஆம் ஆண்டின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம், அந்நாட்டின் ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் நாய்களுக்கான கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும் என்கிறது. அதைச் செயல்படுத்தத் துணைவிதிகள் இயற்றப்படுகின்றன. அதனால் கடற்கரைக்குக் கடற்கரை விதி மாறும். சில கரைகளில் நாய்க்கு ஆண்டு முழுவதும் தடை; சிலவற்றில் கோடைகாலப் பகலில் மட்டும் தடை, காலையிலும் மாலையிலும் அனுமதி; சிலவற்றில் கழுத்துவார் கட்டாயம்; வேறு சிலவற்றில் நாய் விருப்பம்போல் ஓடலாம். கொள்கை வகுக்கும்போது மக்களின் அச்சத்தையும் குழந்தைகளின் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும் அதே பிரிவு, நாய்க்கும் அதை வளர்ப்பவருக்கும் ஓடியாடி மகிழும் தேவை உண்டு என்பதையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. தடை விதிக்கும் சட்டம் ஒன்று, தடைக்குள்ளாகும் உயிரின் மகிழ்ச்சியையும் கணக்கில் எடுத்துக்கொள்வது அரிது. நமக்கு இப்பகுதி மிகவும் பிடித்திருக்கிறது.

தண்டனை கடுமையானதுதான். நாய் ஒன்று பாதுகாக்கப்பட்ட காட்டுயிரைத் தாக்கிக் கொன்றால், அதன் உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ, 20,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிறப்பான காரணம் இருந்தாலன்றி நாயையும் கொல்ல ஆணையிடப்படும். இந்த இறுதி விதி நம் மனத்தை உறுத்துகிறது. குற்றம் மனிதருடையது என்று முன்பகுதியில் ஒப்புக்கொண்ட சட்டம், பின்பகுதியில் நாயின் உயிரையும் கேட்கிறது. எனவே அங்கே கழுத்துவார் முதலில் காப்பது பறவையை மட்டுமன்று, நாயையும்தான்.

'எங்கள் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது.' வளர்ப்பவர்கள் எந்த நாட்டிலும் சொல்லும் சொல் இது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் அதை அறிந்திருப்பவர் அவர் ஒருவரே. மணலில் அமர்ந்திருக்கும் பறவைக்கு அது தெரியாது. உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த நியூசிலாந்து டாட்டரெல் பறவை, திறந்த மணலில் சிறு பள்ளத்தில் மணல் நிறத்திலேயே முட்டையிடுகிறது. நாய் பல அடி தூரத்தில் வந்தாலே தாய் எழுந்து ஓடிவிடும். நாய் முட்டையைத் தொடவே இல்லை, பார்க்கக்கூட இல்லை. ஆயினும் தாய் திரும்பும்வரை முட்டை வெயிலில் வேகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கும் மேலாக, இடையில் எங்கும் இறங்காமல் பறந்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் கடந்தது. எலும்பும் தோலுமாய் வந்து சேரும் அப்பறவைகள் சேற்றில் இரை தேடிக் கொழுப்பைச் சேர்த்தால்தான் மீண்டும் வடக்கே போக முடியும். கூட்டமாக மேயும் அவற்றை நோக்கி ஒரு நாய் குதூகலத்தோடு ஓடுகிறது. அவை எழுந்து, வட்டமிட்டு, வேறிடம் போய் இறங்குகின்றன. கரையில் நிற்பவருக்கு அது அழகிய காட்சி. ஒரு நாளில் எத்தனை நாய்கள் ஓடி வரும் என்பதை அவர் எண்ணுவதில்லை. நாம் செய்யும் தீமைகளில் பல இவ்வகையினவே: ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறியது, கூட்டிப் பார்ப்பவர் எவரும் இல்லை.

நாயைப் பகையாகக் காணவும் தேவையில்லை. தோபியாவின் நெடும்பயணத்தில் தூதரோடு ஒரு நாயும் கூடப் போனதை நாம் அறிவோம். ஆஸ்திரேலியாவின் வாரணம்பூல் நகரை அடுத்த மிடில் தீவில் சிறு பென்குயின்களை நரிகள் கொன்று, 2005ஆம் ஆண்டளவில் பத்துக்கும் குறைவாக ஆக்கிவிட்டன. 2006இல் மரெம்மா என்னும் மந்தை காக்கும் நாய்களை அங்கே காவலுக்கு நிறுத்தினார்கள். பென்குயின்கள் மீண்டும் பெருகின. ஓரிடத்தில் கூட்டை அழிப்பதும் வேறோரிடத்தில் கூட்டைக் காப்பதும் நாயே. இடையில் நிற்பது மனிதரின் கவனம்.

இவ்வளவையும் நம் கரைக்கு அப்படியே பெயர்த்து நட்டுவிட முடியுமா? முடியாது. முட்டும் மாட்டின் விதியும் நியூசிலாந்தின் சட்டமும் உரிமையாளர் என்ற ஒற்றைத் தூணின்மேல் நிற்கின்றன. நம் கடற்கரையில் ஆமைக் குழியைத் தோண்டும் நாய்க்குப் பெரும்பாலும் உரிமையாளர் இல்லை. அறிவிப்பதற்கு ஆளில்லை, அபராதம் கேட்க வீடில்லை. தூணே இல்லாத இடத்தில் கூரையை எதன்மேல் வைப்பது?

ஆனால் உரிமையாளர் இல்லை என்பதால் அந்நாய் காட்டு விலங்காகிவிடவில்லை. அது நம்மை உண்டே வாழ்கிறது. ஏலம் முடிந்தபின் மணலில் கிடக்கும் கழிவு மீன், சிற்றுண்டிக் கடைகளின் எச்சில் இலை, மாலையில் உலாவ வந்தவர்கள் போட்டுச் செல்லும் பொட்டலம், இரக்கமுள்ளோர் நாள்தோறும் கொண்டுவரும் சோறு, இவையெல்லாம் அதன் வாழ்வாதாரம். நரியும் நண்டும் காகமும் ஆமைக் குஞ்சுகளைத் தின்று வந்தவையே. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் தாய் நூறு முட்டை இடுகிறது. ஆனால் நரியின் எண்ணிக்கையை இரையின் அளவே கட்டுப்படுத்தியது. நாயின் எண்ணிக்கையை அப்படி எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. ஆமை ஒன்றுகூட வராத ஆண்டிலும் நம் குப்பைமேடு அதைக் காப்பாற்றும். எனவே முட்டைக்குழிக்கு வரும் நாய், நம் கையால் அங்கே அனுப்பப்பட்ட நாய். உடைமையாளர் இல்லை, ஊட்டியவர் உண்டு. அந்த ஊட்டியவர் தனியொருவர் அல்லர், ஊர் முழுவதும்.

நம் அரசியலமைப்பின் 51அ பிரிவு, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பதையும் உயிர்களிடத்தில் இரக்கம் கொள்வதையும் குடிமக்களின் கடமையாக அது ஒரே வரியில் வைக்கிறது. எழுதியவர்களுக்கு இவை ஒன்றாகவே தோன்றியிருக்கும். கடற்கரையில் அவை எதிரெதிரே நிற்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பங்குனி ஆமையை முதல் அட்டவணையில் வைத்து உச்சப் பாதுகாப்பு அளிக்கிறது. 2001இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்ட விலங்குகள் கருத்தடை விதிகளோ, தெருநாயைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. கொல்வதைவிட இது மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் முட்டைக்குழிகள் நிறைந்த மணலில் பிடிபட்ட நாயை இரக்கத்தின் பெயரால் அதே மணலில் விடுகிறோம். கருத்தடை அதன் குட்டிகளைத் தடுக்கும். அதன் மூக்கைத் தடுக்காது.

2025 ஆகஸ்டில் தலைநகர்த் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் ஆணையும், 11 நாள்களுக்குள் அதைத் திருத்தி வேறோர் ஆணையும் இட்டது நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடலாகாது என்று அம்மன்றம் கூறியது. மனிதர் காயமுறும் இடங்களின் பட்டியல் அது. ஆமைகள் முட்டையிடும் கரை அதில் இல்லை. இருக்கும் என நாம் எதிர்பார்ப்பதும் அரிது. ஆமை மனு கொடுப்பதில்லை.

நாய்களுக்கு உணவிடுவோரை இங்கே பழிக்க நாம் வரவில்லை. பசித்த உயிரைக் கடந்துபோக மாட்டாத மனம் ஊரில் நாலு பேருக்காவது இருப்பது நல்லது. அவர்களுள் பலர் தம் சொந்தப் பணத்தில் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுசெல்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கண்முன் வந்து வாலாட்டும் உயிரிடம் இரக்கம் கொள்வது எளிது. மணலுக்கடியில், முகமும் குரலும் இன்றிக் கிடக்கும் உயிரிடம் இரக்கம் கொள்வதற்குக் கண் போதாது. எண்ணிப் பார்க்கும் அறிவும் வேண்டும். சோற்றுத் தட்டை மணலில் வைக்காமல் சாலைக்கு அப்பால் வைத்தால், நாயின் பசியும் தீரும். அதன் இரவுநடையும் திசைமாறும். இதைச் செய்யாமல் விடும் இரக்கத்தைத் தவறு என்று நாம் சொல்லமாட்டோம், பாதி என்போம்.

மீனவக் குப்பங்களின் செய்தி வேறு. உலாவ வருபவர்களுக்குக் கடற்கரை பொழுதுபோக்கும் இடம்; அங்கு வாழ்வோருக்கு அது வாசல், களம், வலை உலர்த்தும் முற்றம், கருவாடு காயவைக்கும் தளம். படகையும் வலையையும் இரவில் காப்பது அவர்களுடைய நாய். அவர்களைக் கேளாமல், பட்டணத்து அலுவலகம் ஒன்றிலிருந்து கரைமுழுவதும் நாய்க்குத் தடை என்று ஒரு பலகை நட்டால், அது விதியாகாது, அவமதிப்பாகும். கரையேறும் ஆமையின் தடத்தை முதலில் கண்டு சொல்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவைமடியில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் மாண்டவை என்பதே பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம். அவை முட்டையிட வந்த தாய் ஆமைகளும் அவற்றின் துணைகளும். அங்கே நாய்க்கு எந்தப் பங்கும் இல்லை. பெரிய வலைகளைப் பற்றி வாய்திறவாமல், கரையோர விளக்குகளையும் அணைக்காமல், நாயை மட்டும் கட்டச் சொல்வது எளியவனைப் பிடித்துத் தண்டிக்கும் வழக்கத்தின் மற்றொரு வடிவமே. ஆயினும் பெரிய தீமை இருக்கிறது என்பது சிறிய கடமையிலிருந்து நம்மை விடுவிக்காது. வலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நம்மில் பலருக்கு இல்லை. எச்சில் பொட்டலத்தை எங்கே போடுவது என்ற அதிகாரம் எல்லாருக்கும் உண்டு.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் வழியில் காணும் பறவைக்கூட்டைப் பற்றியும் ஒரு விதி இருக்கிறது. குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம்; தாயையும் சேர்த்து எடுக்கலாகாது. முழுத் தடையன்று, ஓர் எல்லை. கடற்கரை விதியும் அப்படி அளவானதாக இருந்தால் போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆமைகள் மிகுதியாக ஏறும் கரைப்பகுதிகளில் மட்டும், இரவில் வளர்ப்பு நாயைக் கட்டிவைத்தல், மணலில் உணவிடாதிருத்தல், மீன் கழிவை அன்றன்றே அகற்றுதல், அக்கரை நாய்களுக்கு ஆமைக் காலம் தொடங்குமுன்னரே கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தல். மீதி எட்டு மாதங்களில் நாய் அலையோடு விளையாடட்டும்.

இத்தகைய விதி இல்லாத நிலையில் தன்னார்வலர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1970களில் சென்னையில் தொடங்கி, 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பால் தொடரப்படும் வழி அது. பருவம் முழுவதும் இரவில் மணலில் நடந்து, தடத்தைக் கண்டு, நாய்க்கும் மனிதருக்கும் முந்திக்கொண்டு முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண்கள் மிகுவர். தாய் தேர்ந்த இடத்தை மாற்றும்போது அதையும் சேர்த்தே மாற்ற நேர்கிறது. அதனால்தான் அவர்கள் மணலின் சூட்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நாயையும் விளக்கையும் நகர்த்த நாம் ஒப்பாததால் கூட்டை நகர்த்துகிறார்கள்.

குப்பத்துப் பெரியவர்கள், மாநகராட்சி, வனத்துறை, நாய்களுக்கு உணவிடுவோர், ஆமைக்காக நடப்போர் ஆகியோர் ஒன்றாக அமர நேர்ந்தால், அவர்கள் முதலில் பேச வேண்டியது பெரிய கொள்கைகளை அல்ல என்று நமக்குத் தோன்றுகிறது. பிடித்த இடத்திலேயே நாயை விட வேண்டும் என்ற விதியில், கடற்கரை நாய்க்கு 'அந்த இடம்' எது? அலை மோதும் மணலா, அது பகலில் படுத்துறங்கும் பின்தெருவா?